அடையில் வைத்த ஐந்து முட்டை

வான்கோழிக்குக் கூச்சம் அதிகம். நாட்டுக்கோழி மாதிரி ஊரைக் கூட்டி முட்டையிடாது. வேலியோரம், தட்டுக்காட்டுக்குள், ஏதாவது ஒரு புதர் மறைவில் இட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காத முகத்தோடு வாசலில் வந்து நிற்கும். எங்கள் தோட்டத்தில் இருந்த இரண்டு வான்கோழிப் பெட்டைகளும் அந்த ஆனி மாதம் முழுக்க அந்த முகத்தோடுதான் திரிந்தன. எங்கே இடுகின்றன என்று கண்டுபிடிக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நொய்யலுக்குத் தெற்கே நாலு ஏக்கர், அதில் பாதி தக்காளி, பாதி மாட்டுக்குச் சோளத்தட்டு. வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. இப்படிப்பட்ட ஆள் மூன்று வாரம் வான்கோழிகளின் பின்னால் குனிந்து குனிந்து நடந்ததைப் பார்த்தவர்கள், முதுகுவலி போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்களாம்.

ஒரு காலை தட்டு அறுத்துக்கொண்டிருந்தேன். காட்டின் நடுவில் ஒரு பெட்டை மயில் என் காலடியிலிருந்து விருட்டென்று எழுந்து போனது. எங்கள் பக்கம் மயில் எழுந்து போவது செய்தியே இல்லை. அது எழுந்த இடத்தில், சருகு மெத்தையிட்ட ஒரு சின்னக் குழியில், ஐந்து பெரிய முட்டைகள் இருந்தன. என் வான்கோழி முட்டையைக் குடிக்க வந்த மயில் என்று நினைத்து, ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து அது போன திசையில் வீசினேன். பிற்பாடு இந்த மண்ணாங்கட்டியை நினைத்து நான் பட்ட வெட்கம் தனி.

முட்டைகளைத் துண்டில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"வான்கோழி முட்டையில புள்ளி நெறையா இருக்குமுங்களே. இதுல ஒண்ணையுங் காணம்?"

முதல் ஈட்டில் அப்படித்தான் இருக்கும், சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றேன். எனக்கு அப்படி எதுவும் தெரியாது. ஆனால் கேட்டவுடன் வாயில் வந்தது, சொன்னதும் எனக்கே நம்பிக்கையாக இருந்தது. மேற்கொண்டு, வெயில் காலத்தில் வான்கோழியின் உடல் சூடு எப்படி மாறும் என்பதையும் கொஞ்சம் விளக்கினேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

எங்கள் ஊரில் வான்கோழி முட்டையை நாட்டுக்கோழியிடம் அடை வைப்பதுதான் வழக்கம். வான்கோழி கனமான சரீரம். பாதி முட்டையை மிதித்தே உடைத்துவிடும். எங்களிடம் அப்போது ஒரு கறுப்புக்கோழி அடைக்கு நின்றது. முட்டை இல்லாத கூடையில் நாலு நாளாக உட்கார்ந்து, பக்கத்தில் போனால் கொத்த வந்துகொண்டிருந்தது. பழைய மூங்கில் கூடையில் ஆற்றுமணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, முட்டைகளை வைத்தோம். ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும், ஐந்து, சரியாயிற்று. கூடவே ஒரு கரித்துண்டு, இரண்டு வரமிளகாய், ஒரு இரும்பு. இடி இடித்தால் கருக் கலங்காமலிருக்க இரும்பு என்பார்கள். மற்ற வீடுகளில் ஆணி வைப்பார்கள். நான் பக்கத்துத் தறிக்குடோனிலிருந்து தேய்ந்த பல்சக்கரம் ஒன்றை வாங்கிவந்து வைத்தேன். இடி வந்தால் திரும்பிப் போகும் அளவுக்குக் கனம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்னால், விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில், மயில் கொத்திய தக்காளி ஒரு கூடை கொண்டுபோய் அதிகாரிகள் முன் வைத்துப் பேசியவன் நான். கொஞ்சம் நன்றாகவே பேசிவிட்டேன். மயில் ஒரு தக்காளியை முழுசாகத் தின்றால்கூட மன்னிக்கலாம், ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து கொத்திவிட்டு அடுத்ததற்குப் போகிறது, கல்யாணப் பந்தியில் எல்லா இலையிலும் கைவைக்கும் ஆளைப்போல என்றேன். சிரித்தார்கள். சிரிப்பு கேட்டால் நான் நிற்க மாட்டேன். இந்தப் பறவையை ஒரு வழி பண்ணாமல் விடமாட்டேன் என்று வேறு சொல்லிவைத்தேன். மறுநாள் உள்ளூர்ப் பேப்பரில் தக்காளியும் நானுமாகப் படம் வந்தது. தக்காளி நன்றாக விழுந்திருந்தது.

அடை வைத்து இருபத்தைந்தாம் நாள். வாரம் ஒருதரம் உக்கடத்திலிருந்து வண்டியில் கூடை கட்டிக்கொண்டு நாட்டுக்கோழி வாங்க வரும் பாய் வந்தார். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. ஆனால் அவர் என்னை அண்ணா என்பார், நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். இரண்டு சேவல் பிடித்துக்கொண்டு போக வந்தவரிடம், வான்கோழிக் குஞ்சு வரப்போகிறது, வந்து பாருங்கள் என்று பெருமையாகக் கூடையருகே கூட்டிப்போனேன். அவர் கோழியின் வயிற்றடியில் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்தார். விரலால் தடவினார். போன் விளக்கில் பிடித்துப் பார்த்தார். திரும்பவும் தடவினார்.

"அண்ணா, இது வான்கோழி இல்லீங்ணா."

"வாத்துங்களா பாய்?"

"வாத்துமில்லீங்க." குரலைத் தாழ்த்தினார். "தோகை இருக்கறதுங்க."

முட்டையை எப்படி எடுத்தாரோ அதைவிட மெதுவாகக் கோழியடியில் வைத்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்து, "நான் இன்னிக்கு இந்தப் பக்கமே வரலீங்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாங்க வந்த சேவல்கள் இரண்டும் காலைக் கட்டியபடி வாசலிலேயே கிடந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை யாரிடமும் சொல்லக்கூடாது என்றிருந்தேன். முதலில் போனில் தேடினேன். தேசியப் பறவை, முட்டையைத் தொட்டாலும் குற்றம், சிறை. படித்துவிட்டுப் போனையே கவிழ்த்துவைத்தேன். பிறகு, தேடியதே சாட்சியாகிவிடுமோ என்று நினைத்து, அதை அழிப்பது எப்படி என்று அதே போனில் தேடினேன். ரோட்டில் போகும் ஒவ்வொரு வண்டியும் ஜீப்பாகக் கேட்டது. பால்காரர் வந்தபோது கூடையின் மேல் என் வேட்டியை விரித்துப்போட்டேன். கோழி வேட்டிக்குள்ளிருந்து கத்தியது. வயிறு சரியில்லை என்று நான் சொன்னது கோழிக்கா எனக்கா என்று அவர் கேட்கவில்லை.

சிறையைவிட என்னை ஆட்டிவைத்தது அந்தக் கூட்டம்தான். மயில்மீது பகை உள்ளவன். ஒரு வழி பண்ணுவேன் என்று நூறு பேர் முன்னால் சொன்னவன். படத்தோடு பேப்பரில் வந்தவன். அவன் வீட்டில் மயிலின் முட்டை ஐந்து. வான்கோழி என்று நினைத்தேன் ஐயா என்றால் யார் நம்புவார்கள்? எனக்கே நம்பிக்கை வரவில்லை.

தறிக்குடோன் வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் என் மனைவியின் தம்பி. அவரிடம் மட்டும் சொன்னேன். மாப்பிள்ளை தறியை நிறுத்திவிட்டு வந்து சிரித்தார். தறியை நிறுத்திவிட்டுச் சிரிக்கிற ஆள் அல்ல அவர்.

"மயிலைத் திட்டிப் பேப்பர்ல வந்த ஆளு ஊட்டுல மயிலுக்குப் பிரசவம். பேரு வெய்யறதுக்கு எங்களைக் கூப்புடுவீங்ளா மச்சான்?"

சிரித்து முடித்ததும் யோசனையும் சொன்னார். யாருக்கும் தெரியாது. துண்டில் சுற்றி ஆற்றோரச் சீமைக்கருவேலங்காட்டில் போட்டுவிட்டால் கீரி பார்த்துக்கொள்ளும். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வழியில்லை. தட்டு முழுக்க அறுத்து, உழவும் ஓட்டியாயிற்று. குழி இருந்த இடம்கூட இப்போது தெரியாது.

மறுநாள் காலை, எதற்கும் உயிர் இருக்கிறதா பார்த்துவிடலாம் என்றாள் மனைவி. குண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து முட்டைகளை மிதக்கவிட்டாள். உயிருள்ள முட்டை தண்ணீரில் ஆடும். கூமுட்டை சும்மா மிதக்கும். இரண்டு சும்மா மிதந்தன. மூன்று முட்டைகள், யாரோ உள்ளிருந்து முழங்கையால் இடிப்பதுபோல, விட்டுவிட்டு வெட்டி வெட்டி ஆடின. ஆடின மூன்றையும் மனைவி துடைத்துக் கோழியடியில் வைத்தாள். எல்லா முட்டையும் ஆடாமலிருந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று அதற்கு முன் நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

அப்படியும் மத்தியானம் மூன்றையும் துண்டில் சுற்றிக்கொண்டு ஆற்றுப்பக்கம் போனேன். மறைக்க வேண்டியதில்லை, போனேன். பாதி வழியில் துண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லிய, இழுத்த ஒரு கீச். நின்றேன். காதருகே வைத்தேன். ஓட்டுக்குள்ளிருந்து இன்னொன்று பதில் சொன்னது. பிறக்காமலே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. என்ன பேசும் என்று கேட்டுக்கொண்டு வேலியோரம் எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு துண்டைச் சட்டைக்குள் விட்டு, வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வந்ததைவிட வேகமாக வீட்டுக்கு நடந்தேன். நடந்துகொண்டே வனத்துறைக்குப் போன் போட்டேன். சொல்ல நினைத்து மனப்பாடம் செய்த வாக்குமூலம் ஒரு வரி வரவில்லை. "ஏனுங்க, என்ர வயித்துமேல மூணு மயிலு இருக்குதுங்க" என்றுதான் வந்தது.

ஜீப் வரவில்லை. ஒரு ஸ்கூட்டி வந்தது. அதில் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு வனக்காவலர் அம்மணி. முந்தின இரவு மலையடிவாரத்தில் வாழைத்தோப்புக்குள் வந்த யானையைத் திருப்பிவிட்டு நேராக வந்திருந்தார், கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கண் கொஞ்சம் விரிந்தது.

"நீங்கதானுங்களே தக்காளி?"

ஆமாம் என்று சொல்லி, மண்ணாங்கட்டி உட்பட எல்லாவற்றையும் கொட்டினேன். வான்கோழி, சுண்ணாம்புச் சத்து, பல்சக்கரம் வரைக்கும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நான் மூச்சுவிட்ட இடத்தில், "எடுத்தது தப்புத்தானுங்க. அதைப் பேசீட்டிருந்தா முட்டை ஆறிப்போயிருமுங்க. மொதல்ல கோழிகிட்ட வெய்யுங்க" என்றார். முட்டைகள் இன்னும் என் சட்டைக்குள் இருந்தன.

மேலதிகாரியிடம் போனில் வெகுநேரம் பேசினார். முடிவு இதுதான். இந்த நிலையில் முட்டையை அசைக்கக் கூடாது, இங்கேயே பொரியட்டும். கூண்டில் அடைக்கக் கூடாது, கையால் தீனி போடக் கூடாது, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. கோழியோடு வெளியில் மேயட்டும். இரண்டு மாதம் கழித்து அவர் வந்து பார்ப்பார். அதற்குள் அவை இங்குள்ள மயில் கூட்டத்தோடு சேர்ந்திருந்தால் காட்டில் விட்டதாக எழுதி முடித்துவிடலாம். மனிதனை ஒட்டிக்கொண்டு வாசலில் திரிந்தால் பிடித்துக்கொண்டுபோக வேண்டியதுதான். பழகின மயிலை வெளியே விட்டால் நாய் விடாது; ஆயுசுக்கும் கம்பிக்குள்தான். எனக்கு என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பொரிந்தன. ஒன்று ஓட்டைக் கொத்தித் துளைபோட்டதோடு நின்றுவிட்டது. சாயங்காலம் வரை பார்த்தோம், எழவில்லை. இரண்டு வந்தன. காய்ந்த புல் நிறம், நீட்டுக் கழுத்து, உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால். கோழி அவற்றை ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது. பிறகு இறகை விரித்து உள்ளே இழுத்துக்கொண்டது.

தீனி சிக்கலானது. கோழிக்குஞ்சென்றால் தாய் தரையைக் கிளறிக் கொக்கரித்ததும் ஓடிவந்து தரையில் கொத்தும். இவை இரண்டும் தரையைப் பார்க்கவேயில்லை. தாயின் மூக்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றன. மயில் தன் குஞ்சுக்கு மூக்கிலிருந்து மூக்குக்குக் கொடுக்குமாம். வனக்காவலர்தான் போனில் சொன்னார். கோழிக்கு அது தெரியாது. ஒரு புழுவை எடுத்துக் கீழே போடும், எடுத்துப் போடும், குஞ்சுகள் மூக்கையே பார்க்கும். ஒரு பகல் முழுக்க இந்தக் கூத்து. என் உயிர் போய்விட்டது. கறையான் கட்டினோம். பழைய சட்டியில் சாணியும் கிழிந்த சாக்கும் திணித்துச் சாயங்காலம் புற்றோரம் கவிழ்த்துவைத்தால் காலையில் வெள்ளையாக மொய்த்திருக்கும். சட்டியை நிமிர்த்தித் தட்டினதும் கோழி வாய் நிறையக் கறையானை அள்ளியது. மூக்கின் இருபுறமும் நெளிந்தன. குஞ்சு ஒன்று எட்டி அந்த மூக்கிலிருந்தே ஒன்றைப் பிடுங்கியது. கோழி திகைத்து நின்றது. அடுத்ததும் பிடுங்கியது. கையால் கொடுக்கக் கூடாது என்றுதான் சொன்னார்கள், சட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று மனைவியிடம் மூன்றுதரம் சொன்னேன்.

நான் தக்காளிக்குத் தண்ணீர் கட்ட வேண்டிய நேரத்திலெல்லாம் இவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் குடோனில் தறிகள் ஓடும் சத்தத்திலேயே முட்டைக்குள் வளர்ந்தவை அல்லவா, அந்தச் சத்தத்தைச் சட்டை செய்யாது. மாதத்தில் ஒருநாள் மின்தடை, தறி நின்றது. ஊரே அமைதியானதும் இரண்டும் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டன. கரண்டு வந்து தறி ஓடின பிறகுதான் தலையைத் தூக்கின. இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். "என்ர தறியில பொறந்த துணிகூட இத்தனை மரியாதை குடுத்ததில்லீங்க மச்சான்" என்றார்.

ஆனால் அவை கோழியை விடாது. கோழி என்னை விடாது. அதற்கு நான் நடமாடும் கம்பு மூட்டை. நான் எங்கே போனாலும் பின்னால் கோழி, அதன் பின்னால் இரண்டு மயில். வாசலில் திரிந்தால் கம்பிதான் என்று சொல்லியிருக்கிறார்கள். கைதட்டி விரட்டினேன்; நின்று வேடிக்கை பார்த்தன. துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடினேன். விளையாட்டென்று நினைத்துக் கூடவே ஓடிவந்தன. கடைசியில் நானே ஒளிந்துகொள்ள ஆரம்பித்தேன். கோழிக்குத் தீனி போடுவதை நிறுத்தி, கூடையைக் கொண்டுபோய்த் தோட்டத்தின் கடைசியில், தக்காளிக்கு அந்தப் பக்கம், வெள்வேல மரத்தடியில் வைத்துவிட்டு, நான் மோட்டார் ரூமுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். என் சொந்தத் தோட்டத்தில் என் சொந்தக் கோழிக்குப் பயந்து ஒருமாதம் பதுங்கியிருந்தேன். கோழி பசியில் தக்காளிக்குள் இறங்கிற்று. ஒவ்வொரு பழத்திலும் ஒரு கொத்து எப்படிக் கொத்துவது என்று மயில்களுக்கு அதுதான் சொல்லிக்கொடுத்தது. ஜன்னலுக்குள்ளிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

மூன்றாம் வாரத்தில் குஞ்சுகள் சாயங்காலமானால் கூடைக்குள் போக மறுத்தன. கூடையின் விளிம்பில் ஏறின, அங்கிருந்து வேலிக்கல், அங்கிருந்து வெள்வேலத்தின் கீழ்க்கிளை. கோழி கூடைக்குள்ளிருந்து கூப்பிட்டது, வெளியில் வந்து கூப்பிட்டது. இரண்டு நாள் அதுவும் ஏறப்போவதுபோல் அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறவில்லை. எங்கள் கோழிகள் பல தலைமுறையாகக் கூடையில் கவிழ்ந்து பழகினவை. மரம் ஏறிப் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் இருட்டுகிற நேரம் அது வேலிக்கல்மேல் தாவியது. கிளையைக் குறிபார்த்துப் பறந்தது, பிடி தவறித் தொங்கியது, சிறகடித்து ஏறி, முள்ளுக்குள் இரண்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஏழாம் வாரம் கோழிக்கு அலுத்துப்போயிற்று. பக்கத்தில் வந்தால் கொத்தித் தள்ளியது. ஒருநாள் அதுபாட்டுக்கு வீட்டுக்கு வந்து வைக்கோற்போரில் முட்டையிட்டு ஊரைக் கூட்டியது. குஞ்சுகள் வரவில்லை. தோட்டத்தில் இல்லை. ஆற்றங்கரையில் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் வனக்காவலர் வருகிறார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தடுப்பணைவரை போய், வழியில் கண்ட ஒவ்வொரு இறகையும் எடுத்துப் பார்த்தேன். ஒரு நாய் வாயைத் துடைத்தமாதிரி இருந்தது. அதன் பின்னால் அரை மைல் போனேன். குஞ்சு போனது ஒரு வேதனை. நானே விற்றுத் தின்றேன் என்று சொல்வார்களே என்பது கூடவே வந்தது. இரண்டில் எது பெரிது என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

வனக்காவலர் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தார். காணோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்காமல் வரப்பில் முன்னால் நடந்தார். ஆற்றோரம் மாப்பிள்ளையின் தரிசில் மயில்கள் மேய்ந்துகொண்டிருந்தன. மூன்று பெரிய பெட்டைகள். அவற்றைச் சுற்றி, கொண்டை முளைத்தும் முளைக்காமலும், ஒரே உயரத்தில் ஏழு குஞ்சுகள்.

"இதுல உங்குளுது எதுங்க?"

நான் பார்த்தேன். மூக்கைப் பார்க்கிறதா, தறிச் சத்தத்துக்குத் திரும்புகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு மாதம் இரவு பகல் தெரியாமல் பார்த்தவன், ஒன்றைக்கூட அடையாளம் சொல்லத் தெரியவில்லை. அந்த இரண்டும் அதில் இருக்கின்றனவா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. தெரியவில்லைங்க அம்மணி என்றேன். பொய் சொல்லவும் பயமாக இருந்தது.

"சித்தெ முன்னால போயிப் பாருங்க" என்றார்.

வரப்பைவிட்டு இறங்கி நாலு எட்டு வைத்தேன். பத்தும் ஒரே நேரத்தில் கழுத்தை நீட்டின. இன்னும் ஓர் எட்டு. எல்லாம் எழுந்தன, சிறகடிப்பில் தரிசின் தூசி என் முகத்தில் அடித்தது. எதுவும் திரும்பி வரவில்லை, எதுவும் என்னைப் பார்த்து நிற்கவில்லை. ஆற்றைத் தாண்டி அக்கரைத் தென்னைகளுக்குள் போய் மறைந்தன.

வனக்காவலர் ஸ்கூட்டியின் சீட்மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதி முடிக்கும்வரை நான் கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கும் ஒருதரம் எண்ணிவிடலாம் என்று.